மூக்கின் மேல் ஒரு பொட்டு

டமார்!

மைசூர் தேவராஜ மொஹல்லாவின் அந்தச் சந்திலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே மூச்சில் மேலே கிளம்பின. ஆட்டோவிலிருந்து அப்போதுதான் ஒரு காலை இறக்கிய இராமச்சந்திரன், இறக்கிய காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார், கார்தான்!" ஷெட்டுக்குள்ளிருந்து ஜோவிதா கத்தினாள். "ஒரு தடவை இருமிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும்."

பேசவும் ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிள் இன்ஜின்தான், ஒற்றை சிலிண்டர்தான். ஆனால் அந்தத் தகரக் கூரை சிங்கத்தை அடைத்து வைத்த கூண்டு மாதிரி அதிர்ந்தது. காய்ந்த விளக்கெண்ணெய் வாசனை சந்து முழுக்கப் பரவியது. அந்த இன்ஜினுக்கு வேறு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது.

இராமச்சந்திரன் உள்ளே வந்தார். பெங்களூர்க்காரர்; பழைய ரேஸ் கார்களைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பார்கள். தசரா சமயத்தில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்காரர்கள்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். காரைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கார் அவர் இடுப்பு உயரம்கூட இல்லை. நாலு பேர் சேர்ந்தால் தூக்கி லாரியில் வைத்துவிடலாம். ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் இன்ஜின். அங்கிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு சங்கிலி. பெயர் 'ரென்'. அது சிட்டுக்குருவியைவிடச் சின்னதான ஒரு இங்கிலீஷ் பறவை. இங்கிலாந்தில் ஒரு மனிதர் தன் வீட்டு ஷெட்டில் இந்த மாதிரி ஏழே ஏழு கார் செய்தார். மூன்றாவதைக் குடகிலிருந்த ஒரு காப்பித் தோட்ட துரை கப்பலில் வரவழைத்தார். சென்னைப் பக்கத்துச் சோழவரம் ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் பெரிய பெரிய கார்களெல்லாம் வளைவில் தடுமாறும்போது, இது உள்பக்கமாக நுழைந்து போய்க்கொண்டே இருக்குமாம்.

துரை ஊருக்குப் போனபின் காப்பித் தொலிக்கடியில் புதைந்து கிடந்த காரை, ஆரஞ்சுப் பழ லாரியில் ஏற்றி மைசூருக்குக் கொண்டுவந்தவர் ஜோவிதாவின் அப்பா எட்வர்ட். "இது மூணாம் நம்பர்" என்று சாகும்வரை சொன்னார். யாரும் நம்பவில்லை. எத்தனையாவது கார் என்று பொறித்த தகடு அவர் கைக்கு வரும் முன்பே காணாமல் போயிருந்தது. 'எட்வர்ட் கார் இங்கிலாந்துன்னா என் தள்ளுவண்டி அமெரிக்கா' என்று சந்தே சிரித்தது. போதாக்குறைக்கு, மூணாம் நம்பர் தன்னிடம் இருப்பதாகப் பெங்களூரில் யாரோ சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இன்று நிரூபிக்காவிட்டால் கண்காட்சியில் இதன் முன்னால் 'நகல்' என்று போர்டு வைப்பார்கள். அப்பா பொய்யர் என்று ஊரறிய எழுதி வைப்பதற்கு அது சமம்.

ஜோவிதா இன்ஜினை அணைத்தாள்.

"அடேயப்பா! என்ன வளைவும்மா இது! சுத்தியலால அடிச்ச மாதிரியே இல்ல, கையால தடவித் தடவியே செஞ்சிருக்கான்" என்றார் இராமச்சந்திரன். அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா அழகு சாட்சி ஆகாது. இதைச் செஞ்சவரோட பொண்ணு என்கிட்ட ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. மூணாவது காரோட மூக்குக்கு முதல்ல மஞ்சள் அடிச்சாராம். கேட்டவன் வாங்காம போயிட்டான். அதுமேலயே பச்சையை அடிச்சு குடகுக்கு அனுப்பிட்டார். பச்சைக்கு அடியில மஞ்சள் இருந்தா இதுதான் மூணு."

ஜோவிதா காரின் கறுப்பு மூக்கைத் தடவினாள். "அப்பா நீலம் அடிச்சார், செவப்பு அடிச்சார், கடைசியா கறுப்பு. ஒவ்வொரு தடவையும் தகரம் தெரியறவரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாச்சு சார்."

வாசலில் நின்றிருந்த பக்கத்துப் பெயிண்ட் ஷெட் உமேஷ் தலையைச் சொறிந்தான். அவன் அப்பா ஜடையன், தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து வந்தவர். எட்வர்டுக்கு எல்லாத் தடவையும் பெயிண்ட் அடித்தது அவர்தான்.

"அக்கா, வையப்படாது. எங்கப்பன் ஒரு எடத்துல மட்டும் தேய்க்கலைங்க."

"எங்கடா?"

"மூக்குலதாங்க."

கறுப்பு மூக்கின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு புடைப்பு. ஜோவிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அதைக் கண்டால் எரிச்சல்.

"அது உங்கப்பா பண்ண மோசமான வேலைன்னுல்ல நினைச்சேன்!"

"முதல் ஆயுத பூஜைக்குக் கார் எங்க ஷெட்டுலதான் இருந்துச்சுங்க. எட்வர்ட் ஐயா நம்ம சாமி கும்பிடறவரு இல்லைன்னாலும் 'வெச்சுக்க ஜடையா'ன்னாரு. அப்பன் மூக்குல சந்தனம் வெச்சு குங்குமம் வெச்சாரு. வெச்ச பொட்டை அழிக்கிறதுக்கு அவருக்குக் கை வரலைங்க. சுத்தித் தேய்ச்சுட்டு, பொட்டு மேலயே கலரை ஏத்திட்டாரு. ஐயாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு மூச்சு விடலை."

"தண்ணி கொண்டாப்பா" என்றார் இராமச்சந்திரன்.

உமேஷ் உப்புத்தாளை நனைத்து, புடைப்பின் ஓரத்தில் மெதுவாகத் தேய்த்தான். கறுப்பு விலகி சிவப்பு வளையம் வந்தது. பிறகு நீலம். பழைய குங்குமம் அரக்கு மாதிரிக் கரைந்து வழிந்தது. அதற்கடியில், இலைத்தளிர் மாதிரிப் பச்சை.

உமேஷ் கையை எடுத்தான். "இதுக்கு மேல தேய்ச்சா தகரம்தான்னு தோணுதுங்க."

ஜோவிதா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"நிறுத்தாதே" என்றார் இராமச்சந்திரன். "இன்னும் கொஞ்சம் தேய்."

தேய்த்தான். பச்சைக்கு நடுவில் ஒரு புள்ளி முளைத்தது, கடுகளவு. பிறகு மிளகளவு. மஞ்சள். அறுபது வருஷத்துக்கும் மேலாக வெளிச்சமே பார்க்காத, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

"அப்பா!" என்று மட்டும் ஜோவிதாவுக்கு வாயில் வந்தது. உமேஷ் ஈரக்கையோடு அவள் தோளைத் தட்டினான்.

இராமச்சந்திரன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்க எண்ணெய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தோற்றவன் சிரிப்பு மாதிரியும் இருந்தது, கோயிலிலிருந்து வெளியே வருகிறவன் சிரிப்பு மாதிரியும் இருந்தது.

"போர்டுல என்ன எழுதச் சொல்வீங்க சார்?" என்றாள் ஜோவிதா.

"மூணாம் நம்பர்னுதாம்மா. பெங்களூர்ல ஒருத்தன் அதே நம்பரைச் சொல்லிட்டுத் திரியறான்ல, அவன்கிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம்; அந்தக் கார் என் ஷெட்டுலதான் நிக்குது."