தேவாங்கு பாதி சாப்பிட்டது

1

இந்தக் கதையை ரந்தாவ் காப்பிக்கடையில் பதினான்கு முறை சொல்லியிருக்கிறேன். முதல்முறை தேவாங்கு பூனைக்குட்டி அளவு இருந்தது. பதினான்காம் முறை கன்றுக்குட்டி அளவு. கேட்டவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. காப்பிக்குக் காசும் அவர்களே கொடுத்தார்கள்.

பதினைந்தாம் முறையாக எழுத்தில் சொல்கிறேன். காரணம், சிரம்பானில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை பராசக்தி. கதை தன் காதுக்கு வந்து சேர்ந்ததும் ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டு, கடையில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்:

"அங்கிள், எங்கட அப்பா கடைசியா அந்தச் சார்ட்டிலை என்ன எழுதினவர்?"

ஆகவே தேவாங்கை அதன் சொந்த அளவுக்கு இறக்கிவிட்டேன். பூனைக்குட்டி.

2

தொடக்கம் ஒன்று: "1943ஆம் ஆண்டு, மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தில்..." (வேண்டாம். பள்ளிக்கூட வாசனை.)

தொடக்கம் இரண்டு: "ஐந்தாம் லயத்தில் எட்டாவது கதவில்..." (இதுவும் வேண்டாம். இப்போது வேண்டாம்.)

தொடக்கம் மூன்று: "டிரெஸர் முருகேசு திருடுவார், பொய் எழுதமாட்டார்."

இது இருக்கட்டும்.

3

டிரெஸர் முருகேசு திருடுவார், பொய் எழுதமாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, புண் கட்டுவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் அவர் ஒருவரே. வெள்ளைக்கார டாக்டர் சண்டைக்குப் பயந்து ஓடியபோது விட்டுப்போனவை ஒரு தராசும் ஒரு தெர்மாமீட்டரும். முருகேசு தெர்மாமீட்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

ஒருநாள் ஜப்பானிய ராணுவ டாக்டர் இரண்டு தேவாங்குகளோடு வந்து இறங்கினார். சண்டைக்கு முன்பு விலங்குகளின் உடல் சூட்டைப் பற்றி ஆராய்ந்தவராம். தேவாங்கு அவருக்குத் தீராத சந்தேகம். இந்தப் பிராணி இவ்வளவு கொஞ்சம் தின்று எப்படி உயிரோடிருக்கிறது?

ஒன்றை அறுத்தே பார்த்தார். தோலுக்கடியில் கொழுப்பு பெருவிரல் நகமளவுகூட இல்லை. பட்டினி நாளுக்கென்று அது எதையும் சேர்த்து வைக்கவில்லை. மற்றதைக் கூண்டில் விட்டு, முருகேசிடம் உத்தரவு போட்டார். அந்த எடைக்குப் புத்தகப்படி தினம் நாலு வாழைப்பழம், இரண்டு முட்டை; ராணுவமே அனுப்பும். காலையும் மத்தியானமும் சூடு பார்க்க வேண்டும். எத்தனை தின்றது என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அவரே வந்து எடை போடுவார்.

(தேவாங்கின் வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு. சித்திரை வருஷப் பிறப்பன்று தலையைச் சொறியக் கையைத் தூக்கியது. கை தலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். எண்ணெய் இல்லாத தீபாவளி அது. ஆகவே இதில் பாதியைத் தள்ளிவிட்டு நம்பவும்.)

4

முட்டை என்ற பொருளைத் தோட்டம் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். ரப்பரை வாங்க நாதியில்லை. மரங்களுக்கிடையே மரவள்ளி நட்டு, அதையே தின்றோம். ஆளுக்கு மாதம் பன்னிரண்டு காட்டி அரிசி, ஏழு கிலோ இருக்கும், அதுவும் புழுவோடு.

முருகேசுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள், பராசக்தி. காலில் விரலை அழுத்தினால் குழி விழும். எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். அது எதனால் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மருந்து முட்டை என்றும் தெரியும்.

ஆகவே இரண்டு வாழைப்பழம், ஒரு முட்டை மகளுக்குப் போயின. மீதி தேவாங்குக்கு. சார்ட்டில் எழுதினார்: 'கொடுத்தது: முழுசு. சாப்பிட்டது: பாதி.' ராணுவம் கொடுத்தது முழுசுதான், ஆகவே அதில் பொய்யில்லை.

மனைவி சிவபாக்கியம் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, முழுக்கச் சாப்பிட்டதெண்டு எழுதினால் என்ன?"

"சாப்பிடேல்லையே."

"வாழைப்பழம் களவெடுக்கலாம், பொய் எழுத ஏலாதோ?"

"களவு என்ரை பாவம். சார்ட் என்ரை கையெழுத்து."

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படியும் ஒரு மனிதனா? பதினான்கு முறையும் இந்த இடத்தில் கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிவபாக்கியம் சொன்னதை அவர் அன்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஐந்தாம் லயத்தில் எட்டாவது கதவும்...)

5

ஆறு வாரம் போனது. மகளின் காலில் குழி விழுந்தால் மெல்ல மேலெழும்பத் தொடங்கியது. பாதி தின்ற தேவாங்கும் எடை குறையவில்லை. அது முருகேசுக்கே ஆச்சரியம். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்குப் புரிந்தது. பகலில் அதன் உடம்பு தொண்ணூற்று நாலு டிகிரிக்கு இறங்கிவிடும். சுருண்டு தூங்கும். உள்ளே எரியும் அடுப்பை அது தணித்துக்கொள்கிறது. அரை விறகில் காலந்தள்ளுகிறது.

லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கூண்டை வேடிக்கை பார்க்க வருவார்கள். அதில் ராக்கம்மாவுக்கு வாய் நீளம்.

"டிரெஸர் ஐயா, இதுக்கு மட்டும் முட்டையா? எந்தக் கங்காணிக்குச் சொந்தக்காரங்க இது?"

"ஆராய்ச்சி, ராக்கம்மா."

"எங்களையும் ஆராய்ச்சி பண்ணுங்கலா. நாங்க கடிக்க மாட்டோம்."

ஆறாவது வெள்ளிக்கிழமை ராணுவ டாக்டர் சார்ட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கொழுப்பு இல்லை. உணவு பாதி. எடை அப்படியே. மனிதனும் விலங்குதானே, மிஸ்டர் முருகேசு?"

முருகேசுக்குச் சொல்ல இருந்தது நிறைய. 'ஐயா, இது அடுப்பைத் தணிக்கத் தெரிந்த பிராணி. நாங்கள் அப்படியில்லை. தொண்ணூற்று எட்டுக்குக் குறையாமல் எரிந்துகொண்டே மண் கொத்துகிறவர்கள். விறகைக் குறைத்தால் மனிதன் தன் சதையையே எரிப்பான். அதுவும் தீர்ந்து தொண்ணூற்று நாலுக்கு வந்துவிட்டால் நான் பிணத்தைச் சுருட்டப் பாய் தேடத்தான் போவேன்.' ஆனால் பேச்சு வளர்ந்தால் மற்றப் பாதி எங்கே போனது என்ற கேள்வி வரும்.

"எஸ் சார்," என்றார்.

6

திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றோம். கணக்கெழுதும் கிராணி ஒரு தாளை வாசித்தார். விலங்கு ஆராய்ச்சியில் பாதி உணவே போதும் என்று தெரியவந்திருப்பதால், அரிசி இனி ஆறு காட்டி.

'பாதி' என்ற சொல் வந்தபோது முருகேசு நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய சொல். அவருடைய கையெழுத்தில் இருந்த சொல்.

ராக்கம்மா அவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "ஐயா, என்னையும் கூண்டுல போட்டுடுங்க. முட்டை வேணாம், ஓடு குடுத்தாக்கூடப் போதும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

ஐந்தாம் லயத்தில் எட்டாவது கதவு எங்கள் வீடு. ராக்கம்மா என் பெண்சாதி.

இதைக் காப்பிக்கடையில் சொன்னதில்லை.

7

அடுத்த வெள்ளிக்கிழமை முருகேசு பென்சிலோடு உட்கார்ந்தார். 'முழுசும் சாப்பிட்டது, பாதி போதவில்லை' என்று எழுதினால் அரிசி திரும்ப வரலாம். ஆனால் எடையைப் போடுபவர் ராணுவ டாக்டர். பாதி போதவில்லை என்று காட்டத் தேவாங்கு இளைக்க வேண்டும். இளைக்க வைத்தால் சாகும். செத்தால் முட்டை நிற்கும். முட்டை நின்றால் மகள் காலில் குழி திரும்ப வரும். 'பாதி' என்றே எழுதினால் மகள் பிழைப்பாள். லயத்தில் இருநூறு பேர்.

முடிவு அ (காப்பிக்கடை முடிவு): தேவாங்கே கூண்டிலிருந்து கையை நீட்டிப் பென்சிலைப் பிடுங்கி, 'போதாது' என்று எழுதத் தொடங்கியது. முதல் எழுத்தின்போது ஜப்பான்காரன் இருந்தான். கடைசி எழுத்தை முடித்தபோது வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான்.

முடிவு ஆ: அவர் வாழ்நாளில் முதல் பொய்யை எழுதினார். ராணுவ டாக்டர் நம்பவில்லை.

முடிவு இ: அவர் உண்மையை எழுதினார்.

சார்ட் எரிந்துபோனது. எனக்குத் தெரிந்தது இவ்வளவே: அரிசி கூடவில்லை. மூன்றாம் மாதம் முருகேசு எங்கள் வீட்டுக்கு வந்து, ராக்கம்மாவின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். எத்தனை டிகிரி என்று சொல்லவில்லை. பாய் இருக்கிறதா என்று கேட்டார்.

இது ஆ-வுக்கும் பொருந்துகிறது, இ-க்கும் பொருந்துகிறது. கதைசொல்லிக்கு இதைவிட வசதி வேறில்லை. புருஷனுக்கு...

8

சிரம்பானில் பராசக்தி என் முன்னால் இரண்டு அவித்த முட்டை வைத்தார். உரித்தே வைத்தார். அறுபதை நெருங்கும் பெண். கால்கள் நன்றாக இருக்கின்றன, பேரப்பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். அந்த ஓட்டத்தை வெறுத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. சந்தோஷப்பட முயன்றேன். அதுவும் வரவில்லை.

"சொல்லுங்கோ அங்கிள்."

ஒரு முட்டைக்கு மேல் இறங்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எழுதிவிட்டேன், ஒரு சொல் தவிர. அந்த மனிதரின் கைப்பென்சிலைப் பிடிக்க எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு அந்த இருநூறு பேரில் யாரையும் தெரியாது, பராசக்தியையும் தெரியாது. ஆகவே உங்களிடம் தருகிறேன். எழுதும்போது பராசக்தி அதை வாசிப்பார் என்பதையும், எட்டாவது கதவு திறந்தே இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொடுத்தது: முழுசு.
சாப்பிட்டது: ................