கை வைக்க இடம்

மேசையின் மூன்றாவது இழுப்பறை வர மறுத்தது. தங்கை முழங்காலால் அடிப்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்து இழுத்தாள். ஊரிலுள்ள பொத்தான்களையும் கைப்பிடிகளையும் முப்பது வருடம் ஆராய்ந்த அக்காவின் வீட்டில் இப்படியொரு இழுப்பறை.

"கிடைச்சுதா?" என்று கூடத்திலிருந்து மாமா கேட்டார். அக்காவின் கணவர்.

"அடையாள அட்டைதானே, தேடிக்கிட்டே இருக்கேன் மாமா."

அக்கா விடிகாலை ஐந்தரைக்கு மருத்துவமனையில் இறந்திருந்தாள். இரண்டு மணிக்கு உடலை நேராக மயானத்துக்குக் கொண்டு வருவார்கள். அதற்குள் யாராவது அங்கே போய், அலுவலக வாசலில் நிற்கும் இயந்திரத்தில் இறப்பைப் பதிந்து சீட்டு எடுத்துவிட வேண்டும். மாமா காலையிலிருந்து ஒரே டம்ளரை மூன்று முறை கழுவியிருந்தார். "என்னால முடியாதும்மா. நீயே போயிட்டு வந்துடு" என்றார். அந்த இயந்திரத்தின் முன்னால் இனி நிற்பதே இல்லை என்று தங்கை எட்டு வருடமாக மனதில் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

இழுப்பறைக்குள் அட்டை இல்லை. நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. முதுகில் வருடம் எழுதி, வரிசையாக.

மனிதர்கள் இயந்திரங்களிடம் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஓர் அறையே இருந்தது. ஆனால் எதையும் முதலில் சோதிப்பது தங்கையின் தையல் கடையில்தான். ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதில் சதுரமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் பொத்தான்கள் வரைந்த காகிதம். தங்கை காகிதத்தைத் தொட்டால், அக்கா உடனே வேறு காகிதத்தைச் சொருகுவாள்.

"அய்யோ, இதான் உன் கம்ப்யூட்டரா? பொம்மை விளையாட்டு விளையாட உனக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்க."

"பேசாம தொடுடி. டிக்கெட் வாங்கணும், எங்க தொடுவ?"

"தெரியலையே. சொல்லேன்."

சொல்லமாட்டாள். அதுதான் சட்டம். சோதனை நடக்கும்போது உதவக் கூடாது. கை தானாக நீண்டுவிடும் என்று அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். காகிதம் மாற்ற மட்டும் ஒரு கையை உருவுவாள். தவறாகத் தொடும்போதெல்லாம் அவள் முகத்தில் புதையல் கண்டவள் மாதிரி ஒரு வெளிச்சம் வரும்.

"எட்டாவதுல நின்னவளை வெச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?" என்று தங்கை ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"நீ தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்ட. எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் நடிப்பாங்க."

எட்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். மயானத்தில் அந்த இயந்திரம் புதிதாக வந்திருந்த சமயம். அப்பா கடைசிவரை இருந்தது தங்கையின் வீட்டில் என்பதால் அவள்தான் பதிய வேண்டியிருந்தது. பெயர், வயது, முகவரி எல்லாம் தட்டிவிட்டாள். கடைசியில், மேலே அப்பாவின் பெயரும் கீழே 'உறுதி செய்க' என்று பச்சைப் பொத்தானும் வந்தன. விரல் போகவில்லை. திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. பூஜ்யம் வந்ததும் திரை அணைந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை. மூன்றாவது முறை அணைந்தபோது கறுத்த கண்ணாடியில் பின்னால் நின்ற அக்கா தெரிந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வாட்ச்மேன் வந்து, "தள்ளுங்கம்மா, வரிசை நிக்குதில்ல" என்று தானே எல்லாவற்றையும் தட்டி அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் அக்கா வந்தாள், ரவிக்கை தைத்துக்கொண்டாள், மாமாவைப் பற்றிக் குறை சொன்னாள், சிரித்தாள். அட்டைப்பெட்டியோடு வந்தபோது மட்டும் தங்கை, "கண்ணு சரியா தெரியல, வேற யாரையாவது பாரு" என்றாள். அக்கா பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு என்ன எழுதினாள்?

அந்த வருடத்து நோட்டை உருவினாள். தேதியைத் தேட நேரமாகவில்லை. அக்காவின் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும்.

'10.42. பெயர், வயது. தடையில்லை. 10.45. உறுதிப் பொத்தான். விரல் நிற்கிறது. அறுபது நொடி. அணைந்தது. 10.49. மறுபடி அதே இடம். அணைந்தது.'

அதற்குக் கீழே நேரம் போடாமல், எறும்புகள் கலைந்த மாதிரி கோணலாக இரண்டு வரி.

'இன்று உட்கார நாற்காலி இல்லை. கையை வைக்க இடமில்லாமல் நோட்டை எடுத்தேன்.'

பக்கத்தின் மிச்சம் வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதுவும் வெள்ளை. இன்னும் சில பக்கங்கள் தள்ளி, வேறொரு மாதத்தின் தேதி இருந்தது.

"அட்டை என் சட்டைப் பையிலேயே இருக்குதும்மா" என்று மாமா அறை வாசலில் வந்து நின்றார். "ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சது. பாரு என் லட்சணத்தை."

"சரி மாமா, குடுங்க. அந்த டம்ளரைக் கீழ வெச்சுட்டுக் கொஞ்சம் உக்காருங்க."

வாசலில் அக்காவிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். அழுது வீங்கிய கண். மயானத்து வரிசையில் நின்றபோதுதான் தங்கை கேட்டாள்.

"இந்த மிஷினைப் பத்தி உங்க மேடம் ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"

"இதையா?" மாணவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்லைங்க. அதான் எங்களுக்கே ஆச்சரியம். ஒருத்தர் லிஃப்ட்ல தப்பான பட்டனைத் தொட்டாக்கூட அதை ஒரு கட்டுரையாக்கிடுவாங்க. ஆனா இதுக்காக மூணு வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினாங்க. லீவு போட்டுட்டு, சொந்த வேலை மாதிரி. ஒரு வரி எழுதல."

"எதுக்கு ஏறி இறங்கினாங்க?"

"எங்ககிட்ட சொன்னதில்லை. கேட்டா, 'ஒரு சின்னக் கோளாறு'ம்பாங்க. அவ்வளவுதான்."

முன்னால் நின்றவர் சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அதே இயந்திரம். விளிம்பில் துரு ஏறியிருந்தது. தங்கை தட்டினாள். பெயர். வயது. முகவரி. உறவு என்ற இடத்தில் 'சகோதரி'யைத் தொட்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்நுனியை இயந்திரம் முதல் தடவையிலேயே உணர்ந்துகொண்டது. பிறகு அந்தப் பக்கம் வந்தது. மேலே அக்காவின் பெயர், கீழே பச்சைப் பொத்தான்.

விரல் நின்றது.

கண் தானாக மூலைக்குப் போயிற்று. அங்கே எண்கள் இல்லை. இரண்டாவது முறையும் பார்த்தாள். வேறு மூலைகளிலும் தேடினாள். எங்கேயும் எதுவும் குறையவில்லை.

மாணவி பின்னாலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னம்மா, மிஷின் நின்னுபோச்சா?" வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றாள் மாணவி. "ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அறுபது நொடி போயிருக்கும். அதற்கு மேலும் போயிருக்கும். ஒருமுறை அணைந்தால் தேவலை என்று தங்கைக்குத் தோன்றியது. அணைந்தால் அந்தக் கறுத்த கண்ணாடியில் பின்னால் நிற்பவர்கள் தெரிவார்கள்.

திரை வெளிச்சமாகவே இருந்தது.