வெளிறிய மரத்தில் ஒரு பொட்டு

நான் பல் செய்கிறவள். ஜேர்மனியில், வுப்பர்டாலில் ஒரு பல் ஆய்வகத்தில் வேலை. பீங்கான் பல்லுக்கு நிறம் பார்ப்பது என் பகுதி. எங்கள் தொழிலில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. மற்றவர்கள் கண்ணில் படாத வேறுபாட்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். ஆகவே எனக்கென்று ஒரு பேஸ் கிற்றார் செய்யக் கொடுத்தபோது, மரத்தையும் பூச்சையும் பற்றி யாரும் எனக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை என்றுதான் இருந்தேன்.

எடுத்தார்கள். எங்கள் கல்யாண இசைக்குழுவை நடத்தும் கிறிஸ்ரியன் அண்ணை, பளபளக்கும் வெள்ளை லாக்கர் அடித்து நரம்பு முறுக்கும் முடுக்கிகளைத் தங்க நிறத்தில் போடச் சொன்னார். வீடியோவில் எடுப்பாக இருக்குமாம். "அண்ணை, அது கிற்றாரோ, மாப்பிள்ளைக் காரோ?" என்று கேட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவோ, பாரமாக இருந்தால்தான் நல்ல சாமான் என்றார். அவருக்குச் சோபாவும் அப்படித்தான், சங்கிலியும் அப்படித்தான். கல்யாண மேடைகளில் மணிக்கணக்காய் நின்று நொந்துபோனது என் தோள், அவருடையதல்ல.

கிற்றார் செய்யும் ஹைக்கேயின் பட்டறை ஆற்றோரம் ஒரு பழைய தொழிற்சாலையின் பின்கட்டில் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் தொங்குரயில் இரைந்து போகும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்துவாள். பலகைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, காதருகே பிடித்துப் பார்த்தேன். வால்நட் அழகுதான், தோளுக்கு ஆகாது. எர்ல என்கிற இந்த நாட்டு மரம் தட்டினால் தூக்கத்தில் பதில் சொல்வதுபோல் இருந்தது. அடுத்து எஷ என்கிற மரத்தைத் தட்டினேன்; சத்தம் அடிவயிற்றிலிருந்து வந்தது. எடையும் இல்லை. வெளிறிய உடல், அதில் நீளநீளமாய் ஓடும் கோடுகள். அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. எத்தனையோ பேரின் வாய்க்கு நிறம் தேடித் தந்திருக்கிறேன், இது எனக்கு.

"உடலுக்கு இது. கழுத்துக்கு மேப்பிள், விரல் பலகைக்குக் கருங்காலி. மேலே எண்ணெய் மட்டும். இந்த நிறம் மாறக் கூடாது" என்றேன்.

"உங்களுக்குச் சந்தேகமே வராதா?" என்றாள் ஹைக்கே.

"வராது."

பூச்சுக்கு முன், வெறும் மரத்திலேயே நரம்பு கட்டி வாசிக்கத் தருவது ஹைக்கேயின் வழக்கம். தோளில் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் பூசுவாள். அதற்குப் போனபோது கலாதேவி அக்காவையும் கூட்டிப்போனேன்.

அக்கா எங்கள் குழுவின் பாடகி. அவரைப் போல் காது உள்ளவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. புருசன் விமலநாதன் அண்ணை இறந்த பிறகும் பாடுவதை அவர் நிறுத்தவில்லை. முதல் பாட்டு எப்போதும் அக்காவுடையதுதான். ஆனால் ஆரத்திக்குப் பெண்களைக் கூப்பிடும் நேரம் வந்தால், அக்கா மேடைக்குப் பின்னால் போய் வயர் சுற்றத் தொடங்குவார். சுற்றிய வயரையே திரும்பவும் சுற்றுவார். அவர் பாட்டு வேண்டும், கை வேண்டாம் என்கிற அந்தச் சபைகளைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாசித்தேன். தோளில் இருப்பதே தெரியவில்லை. அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கீழ்க்கட்டைச் சுரம் நல்லா உருளுது" என்றார். கிற்றாரை மேசையில் கிடத்திவிட்டு, முடுக்கிகளைப் பற்றிப் பேச ஹைக்கேயோடு அடுத்த அறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது என் எஷ மரத்தின் நடுநெற்றியில், ஈரம் காயாத குங்குமப் பொட்டு.

எங்கள் குழுவில் புது வாத்தியம் வந்தால் பொட்டு வைக்காமல் மேடை ஏறாது. நிசாந்தின் ட்ரம் எல்லாம் பொட்டோடுதான் நிற்கின்றன. ஆனால் அவை லாக்கர் அடித்தவை, துடைத்தால் போய்விடும். ஹைக்கே ஓடிவந்து துணியால் ஒற்றினாள். பொட்டு போகவில்லை, மரத்தின் கோடுகள் வழியே பரவியது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். "என்னக்கா செய்து வைச்சிருக்கிறியள்? இது வெறும் மரமெல்லோ."

அக்காவின் கையில் குங்குமச் சிமிழ் திறந்தபடி இருந்தது. "அம்பாளிட்ட இருந்து உனக்கெண்டு எடுத்து வந்தனான்" என்றார். பிறகு சிமிழை மூடினார். "என்ர கை சரியில்லை எண்டு தெரிஞ்சும் வைச்சன். என்ர பிழை, பிள்ளை. சுரண்டச் சொல்லு."

மரம் ஈரத்தைக் குடித்ததற்கு இந்த மனுசி தன் கையைக் குற்றம் சொல்கிறார்.

ஹைக்கேயிடம் கேட்டேன். "எடுக்கலாம். மேலே ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் போய்விடும். உங்கள் நிறம் திரும்பக் கிடைக்கும்" என்றாள்.

அந்த நிறம் எனக்கு வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிடத்திலும் வேண்டியிருந்தது. ஆனால் தேய்த்தால், தான் வைத்த பொட்டு ஒரு மரத்தில்கூட நிற்காது என்று நினைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். அதை என்னால் பொறுக்க ஏலாது.

"சிவப்பு மரச்சாயம் இருக்கிறதா?" என்று ஹைக்கேயிடம் கேட்டேன்.

மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்தாள். ஜன்னலருகே பொட்டோடு வைத்துப் பார்த்தேன். ஒன்று செங்கல், ஒன்று பீற்றூட். மூன்றாவதில் கண் நின்றது, பொட்டின் அதே சிவப்பு. "குங்குமம் வெயிலில் வெளுக்கும், இது வெளுக்காது" என்றாள் ஹைக்கே. நரம்பையும் முடுக்கியையும் கழற்றிவிட்டு, சாயத்தையும் துணியையும் மேசையில் வைத்தாள். நான் துணியை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

"பூசுங்கோ."

"நானோ?"

"ஓம். முழுக்க நீங்கள்தான்."

"சனம் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"கலாதேவி அக்கா தொடக்கிவைச்சது எண்டு சொல்லுவன்."

அக்காவின் கண் நிறைந்தது, விழவிடவில்லை. ஹைக்கே நீட்டிய கையுறையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, துணியைச் சாயத்தில் நனைத்து, பொட்டிலிருந்து தொடங்கினார். முதலில் பயந்து பயந்துதான் தேய்த்தார். கோடுகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்து எழும்ப, கை வேகம் பிடித்தது.

விளிம்பை நான் பிடிக்கப் போனேன். "விடு, நீ திட்டுத் திட்டாப் பூசுவாய்" என்றார் அக்கா. பின்பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவப் போனார்.