ராசம்மாள் கட்டிய கூறைப்புடவை

பூஜா மினி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அது பொய். அன்றைக்கு அவள் மாம்பழ மஞ்சளில் ஒரு பழைய பட்டுப்புடவை கட்டி, இடுப்பில் ஆம்பளைகள் போடும் தோல் பெல்ட்டை இறுக்கியிருந்தாள். ரவிக்கைக்குப் பதிலாகக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை. மணிக்கட்டில் ஓடாத கைக்கடிகாரம். மூக்கின்மேல் வெறும் கண்ணாடிச் சட்டம். அதற்குள் கண்ணாடி கிடையாது, விரலை விட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த செல்லாயி, "எந்த வூட்ல எழவோ, எல்லாத்தையும் எடுத்து மாட்டிகினு வருது பாரு" என்று என்னிடம் சொன்னாள். மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு.

"செத்தவங்க இல்ல சித்தி. அமெரிக்கா போனவங்க" என்று பூஜா நிற்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

சிதம்பரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவள் பில் போடுகிறாள். மதியம் சோறு சாப்பிடும் நேரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னாலுள்ள சந்தில், சிங்காரம் என்பவரின் பழைய சாமான் கடையில் நுழைந்துவிடுவாள். வீட்டைக் காலி செய்து பிள்ளைகளோடு வெளிநாடு போகிறவர்கள் விட்டுப்போகும் பெட்டி, விளக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் அங்கே வந்து சேரும். பட்டுப்புடவைகளும் மூட்டையாக வரும். ஜரிகையை உருக்குகிறவனிடம் போவதற்கு முன் பூஜா அதில் ஒன்றை உருவிவிடுவாள். பிறகு அதைக் கட்டிப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். இதற்குப் பெயர் ஸ்டைலாம். யாரும் போடாத மாதிரிப் போடுவதுதான் அவளுடைய ஸ்டைல் என்று என்னிடமே விளக்கினாள். யாரோ போட்டதைத்தானே போடுகிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவளுடைய அம்மா ராசம்மாளின் காதுக்குப் போகும். அவள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தாள்.

கொதிக்காமல் என்ன செய்வாள். எங்கள் குப்பத்தில் அடுத்தவர் கழற்றிய துணியைத் தொடுவதில்லை. கடல் வந்துபோன அந்த மார்கழியில் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நிறுத்திக் கொடுக்க நேரமில்லாமல் மேலே நின்றபடியே வீசினார்கள். பித்தான் இல்லாத சட்டை, கம்பளிக் கோட்டு, ஒற்றைக்கால் கிழிந்த பேண்ட். உப்புத் தண்ணீர் காய்ந்து விறைத்துப்போன ஒரே புடவையோடு நின்ற பெண்கள், அதில் ஒன்றைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. தை மாதம் வரைக்கும் அந்தத் துணிகள் ரோட்டோரம் கிடந்தன. அதன்மேல் மாடு படுத்தது. எங்களிடம் எதுவும் மிஞ்சாத நேரத்தில் மிஞ்சிய ஒரே கௌரவம் அது. அன்றைக்கு ராசம்மாளின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைதான் இந்தப் பூஜா.

அதற்குப் பிறகு கட்டிக்கொடுத்த நகரில்தான் இப்போது இருக்கிறோம். எல்லா வீடும் ஒரே அச்சு. வீட்டுக்குள் போய்த் தேடினால் அந்த மார்கழிக்கு முந்தைய பொருள் ஒரு கரண்டிகூடக் கிடைக்காது. குடம், குத்துவிளக்கு, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் கொடுத்தவர்கள் பெயர் வெட்டியிருக்கும். பூஜாவுக்குப் பொருத்தம் பார்க்க வந்த சம்பந்தி வீட்டுக்காரம்மா, தண்ணீர் குடித்த சொம்பைத் திருப்பிப் பார்த்து, "ரோட்டரிகாரங்க ஒங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். நல்லவேளை, மாப்பிள்ளைப் பையன் அன்புமணி சிரித்துச் சமாளித்தான். அவனுக்குச் செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை. ஆவணியில் கல்யாணம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மஞ்சள் புடவைப் படத்தைப் போட்டாள். என் மகன் அஜய் வாங்கிக்கொடுத்த போனில், ரோஜாப்பூ படம் வைத்த கணக்கு ஒன்று எனக்கு உண்டு. அது நான்தான் என்று பூஜாவுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே, 'அம்மாவின் கூறைப்புடவை. என்னைவிட மூத்தது' என்று எழுதியிருந்தாள். கீழே ஒரே இதயமாகக் கொட்டிக்கிடந்தது. வேரை மறக்காத பெண் என்று ஒருத்தர் பாராட்டியிருந்தார். அந்த வேர் சிங்காரம் கடையில் மூட்டையாகக் கட்டிக்கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்.

ராசம்மாள் மீன் விற்றுவிட்டு ஓ.டி. மார்க்கெட்டிலிருந்து திரும்பிக் கூடையை இறக்கியபோது, மீதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போனேன். கையில் போன் இருந்தது. போன் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டிப் படித்தாள். பூஜா வந்ததும் அவள் கத்துவாள் என்று தெரு காத்திருந்தது. அவள் கத்தவில்லை.

"எவளோ அவுத்துப் போட்டத என்னுதுன்னு போட்டிருக்கியே. எனக்குன்னு ஒன்னு இல்லியா?"

"இருந்தா காட்டேன். எல்லாரும் அவுங்க அம்மாவோடது, ஆயாவோடதுன்னு கட்டிப் போடறாங்க. நம்ம வூட்ல நான் எத்தக் கட்டறது? கொடத்தையா?"

"அதான் கடலோட போச்சே."

"அப்ப சொல்லு, எப்டி இருந்துச்சுன்னு. அதே மாதிரி தேடிப் புடிச்சி எடுத்தாறேன். என் கல்யாணத்துக்கு அதத்தான் கட்டுவேன். பழசுன்னு சொல்லாத. என்னா கலரும்மா?"

ராசம்மாள், "அரக்கு" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, அரக்கு நிச்சயத்துக்கு எடுத்தது. கூறப்புடவ வாடாமல்லி."

"வாடாமல்லி ஒன் நாத்தனா கட்டினது. ஒன்னுது கிளிப்பச்ச" என்றாள் செல்லாயி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ராசம்மாள் புருஷன் காத்தவராயன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவரைக் கேட்டார்கள். "செவப்புதான். எல்லாம் செவப்புதான கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெண்கள் பார்த்த பார்வையில் மறுபடி உள்ளே போய்விட்டார்.

புடவையை எடுத்தவர்கள் அவருடைய அம்மாவும் தங்கச்சியும். இரண்டு பேரையும் அதே தண்ணீர் கொண்டுபோய்விட்டது. படம் எடுத்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பிரியாணி போடுகிறார்கள். மிச்சம் இருந்தது நான். அந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ராசம்மாள் கல்யாணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மைக் செட்டு பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் மாமா குடித்துவிட்டு வந்து வாழைமரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். சாம்பாரில் முருங்கைக்காய் முற்றல். ராசம்மாளின் நெற்றியில் வேர்வை குங்குமத்தைக் கரைத்து மூக்குவரைக்கும் இறக்கியது தெரிகிறது. மாலை தெரிகிறது. மாலைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"யோசிச்சிச் சொல்றேன்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அந்தத் தெரு இதற்குமுன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ராசம்மாள் சரியில்லை. தராசில் மீனை வைத்துவிட்டு, எதிரில் போகிறவள் புடவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று மார்க்கெட்டிலிருந்து சேதி வந்தது. வாங்க வந்தவர்கள் எடையைச் சத்தம்போட்டுச் சொல்லி அவளைத் திருப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் சாயந்தரம் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பொடவக் கரையில மாங்கா இருந்துச்சா, அன்னம் இருந்துச்சா?"

அவள் முகத்தைப் பார்த்து, ஏதாவது ஒன்று சொன்னால் எழுந்து போய்ச் சாப்பிடுவாள் என்று தோன்றியது. "அன்னம்" என்றேன்.

மறுநாள் காலை குழாயடியில் அவள் செல்லாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கரை முழுக்க அன்னம்டி. சின்னச் சின்ன அன்னம். ஒன்னு பின்னாடி ஒன்னு போவும். இப்பதான் எனக்கு நல்லா நெனப்பு வருது." அவள் முகம் அப்படித் தெளிந்திருந்தது. எனக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. நான் பச்சை என்றால் பச்சையாகிவிடும். நீலம் என்றால் நீலம். அவள் கல்யாணத்தை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தைத்துக் கொடுத்துவிடலாம். அன்றிலிருந்து அவள் வரும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். நான் வாயை மூடியிருப்பது எப்பேர்ப்பட்ட பாடு என்று என் மகனைக் கேட்டால் சொல்வான்.

கடைசியில் அவளே பூஜாவிடம், "அந்தக் கடைக்கு என்னக் கூட்டிகினு போ" என்றாள். எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் நானும் கிளம்பினேன். செம்மங்குப்பம் வந்ததும் கம்பெனிகளின் வழக்கமான ரசாயன நெடி வந்தது. பஸ் மொத்தமும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டது. ராசம்மாள் மட்டும் வைக்கவில்லை. மீன் வாடை போக எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சிங்காரம் நல்ல மனுஷன். நாற்காலி எடுத்துப் போட்டார். "என்னா கலர்ல பாக்கறீங்க?" என்று கேட்டார். எந்தக் கலர் என்று எங்களுக்கே தெரியாததால் எல்லா மூட்டையையும் அவிழ்த்துவிட்டார்.

ராசம்மாள் கொஞ்ச நேரம் கையை நீட்டவில்லை. பிறகு விரல் நுனியால் ஒன்றை இழுத்தாள். பிரித்தாள். கரையைப் பார்க்கவில்லை, ஜரிகையைப் பார்க்கவில்லை, அன்னத்தைத் தேடவில்லை. கொசுவம் வரும் இடத்தைத் தடவித் தடவிப் பார்த்து ஒதுக்கினாள். அடுத்தது. அரக்கு, நீலம், பச்சை, வெங்காயத்தோல் நிறம், எல்லாவற்றையும் அப்படியே பார்த்தாள். சிங்காரத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்ட கீட்ட இருக்காதும்மா. நல்லாப் பாத்துதான் எடுக்கறோம்."

"ஒரு ஓட்ட இருக்கணும்" என்றாள் ராசம்மாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எதற்கு அவரைப் பார்க்கிறேன்.

"அக்கினிலேர்ந்து பொறி தெறிச்சி முட்டிகிட்ட வுழுந்துச்சு" என்று அவள் புடவையிடம் சொன்னாள். "எங்க மாமியாதான் கையாலயே நசுக்குச்சு. மொளகு அளவுக்குப் பொத்தல். கொசுவத்துல மறச்சிக்கலாம், அழுவாதன்னு சொல்லுச்சு. கலரு எதுவா வேணா இருக்கட்டும்."

மஞ்சள் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து அம்மாவைப் படமெடுத்துக்கொண்டிருந்த பூஜா போனைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா. அது கடல்ல போயிடுச்சும்மா."

"தெரியும்."

"வேற எதாவது எடுத்துக்கலாம். நீ புடிச்ச கலரா எடு. நான் பொய்யெல்லாம் எழுத மாட்டேன்."

"தெரியும்டி. சும்மா இரு."

பூஜா என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அம்மா கேட்பாள் என்று அவளுக்கு நம்பிக்கை. சிங்காரம் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அது ஒன்றுதான் எங்கள் எல்லோராலும் செய்ய முடிந்த காரியமாக இருந்தது. அவர் வெளியே போனார்.

ராசம்மாள் அடியிலிருந்து இன்னொரு புடவையை உருவினாள். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்கு எடுத்துப் போனாள். "அக்கா, அந்தத் தலப்பப் புடிங்க" என்றாள். பிடித்தேன். மறுமுனையைப் பூஜா பிடித்தாள். சந்தில் சாய்ந்த வெயில் புடவை முழுவதும் ஏறியது. ராசம்மாள் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளுடைய பாதங்கள் மட்டும் கீழே தெரிந்தன. பட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், அவள் விரல் நுனி ஒரு சின்ன மேடாக நகர்ந்தது; நின்றது; மறுபடி நகர்ந்தது. என் தோள்பட்டை வலித்தது. கையை இறக்காமல் நின்றேன்.