சாட்சிக்கூண்டில் ஒரு சிவப்பு லான்சியா

கோர்ட்டுக்குப் போகிற வழியெல்லாம் புருஷன் கருணாகரன் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"சரியா பாக்கல, ஞாபகம் இல்லன்னு சொல்லிரு, பாக்கியம். காரை ஓட்டினவரு எங்க கம்பெனி மானேஜரு. என் டிரைவர் வேலை போச்சுன்னா என்ன பண்றது?"

பாக்கியலட்சுமி நடையை எட்டிப் போட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆயா. இரண்டு மாதத்துக்கு முன், ஊரெங்கும் சுதந்திரப் பேச்சாக இருந்த ஜூன் மாதத்தில், காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். கூரையில்லாத அந்தச் சிவப்பு இத்தாலிக் கார் அவளை உரசுவதுபோல் கடந்து, முன்னால் சைக்கிளில் போன பொன்னுதுரை என்பவனைத் தூக்கி எறிந்தது. ஓட்டிவந்த வெள்ளைக்கார மானேஜர் ரோட்டையே பார்க்கவில்லை. குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். பொன்னுதுரை இன்னும் காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறான். அவன்தான் திடீரென்று குறுக்கே திரும்பினான் என்றார் மானேஜர். அவளைத் தவிர பார்த்த வேறு ஆள் இல்லை.

அவள் கூண்டில் ஏறினாள். கண்டதைச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மானேஜரின் வக்கீல் எழுந்து, ரோட்டை வரைந்த காகிதத்தை விரித்து, அதன்மேல் ஒரு சாண் நீளமுள்ள சிவப்புக் காரை வைத்தார். சக்கரம், கண்ணாடி, இருக்கை எல்லாம் அச்சு அசல்.

"இது மானேஜர் துவானோட லான்சியா காருக்கு மாதிரி. அளவுதான் சின்னது. வண்டி வந்த மாதிரி வச்சுக் காட்டுங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவள் வைத்தாள். கையை எடுத்ததும் கார் உருண்டு ஓடியது. வக்கீல் சிரித்தபடி பிடித்து நிறுத்தி, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நீங்க நின்னது வண்டிக்கு இடப்பக்கம். ஓட்டினவர் உங்க பக்கத்து சீட்டுலயே உக்காந்து குனிஞ்சிருந்தார்னு சொன்னீங்க. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கு?"

பொம்மைக் காரில் அது வலப்பக்கம் இருந்தது.

நான்தான் தப்பாகப் பார்த்தேனா? பின் பெஞ்சில் கருணாகரன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். 'ஞாபகம் இல்லை' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஓட்டினவரின் அந்தச் சிவந்த பிடரியும், முழங்கையில் இருந்த பழைய தழும்பும் அன்று கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தனவே!

"இந்தப் பொம்மையில அந்தப் பக்கம் இருக்கு ஐயா. நான் பாத்த காருல என் பக்கம்தான் இருந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் வக்கீல்.

"நான் பொம்மையைப் பாக்கல. காரைத்தான் பாத்தேன். அது எங்க இருக்கு?"

மாஜிஸ்திரேட் அதையே மானேஜரிடம் கேட்டார். மானேஜரின் முகம் வெளுத்தது. பழுதுபார்த்த கார் வாசலில்தான் நின்றது. அதில்தான் அவர் வந்திருந்தார். எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம். அந்தக் காரை இருவகையாகவும் செய்வார்கள் என்று மானேஜர் முணுமுணுத்தார். வக்கீல் அவரை முறைத்தார்.

மதியத்துக்குள் மானேஜர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம் போட்டு, லைசென்ஸையும் ஆறு மாதம் முடக்கினார்கள்.

வெளியே வந்தபோது புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கோவமா?"

"பயம்" என்றான் கருணாகரன். கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னான்: "செமாபோக்ல பஸ் ஓட்ட ஆள் தேடுறாங்களாம். நாளைக்குக் காலையில போய்க் கேக்கறேன். நீயும் வா."