வாத்துக்கு ஒரு ஷூ

போன வருடம் என் நாத்தனாரைப் பதினான்கு நொடிக்காகக் கயிறு பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

ஏரியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கிற போட்டி அது. தண்ணீரில் இறங்கிய ஐம்பது நிமிடத்துக்குள் கரையேறி, சைக்கிளை எடுத்து, எதிரே இருக்கும் மேட்டில் ஏறி, உச்சியில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் குறுக்கே கயிற்றைப் பிடித்து, அவ்வளவுதான், வீட்டுக்குப் போங்கள் என்பார். இவள் நாற்பத்தாறாவது நிமிடமே கரைக்கு வந்துவிட்டாள். மிச்சமிருந்த நேரத்தை எல்லாம் ஷூ மாட்டியே தீர்த்தாள்.

நானும் என் வீட்டுக்காரரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். உள்ளே போய் உதவ முடியாது. வெளியாள் கை பட்டால் ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்களாம். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. கயிறு குறுக்கே வந்ததும் அவள் அழவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களிடம் வந்து, "அண்ணி, பசிக்குது" என்றாள்.

அவளுக்கு வாத்து என்று பெயர் வைத்தது அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். நீச்சலில் அவளுக்கு வேகமும் கிடையாது, களைப்பும் கிடையாது. தரைக்கு வந்தால்தான் தடுமாற்றம். வயது நாற்பத்தொன்று. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பறப்பதெல்லாம் என் வாயிலிருந்து வரும் வார்த்தைகள்தான். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து தப்பித்துவிடுவாள்.

எனக்குத் தொழில் கார், பஸ் சீட்டுகளுக்கு உறை தைப்பது. வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. ரெக்சினைத் தைக்கிற மெஷினுக்கு ஷூ எம்மாத்திரம்? இந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள் என்று தெரிந்ததும், "அந்த ஷூவ இங்க கொண்டா" என்றேன்.

"பிச்சுட மாட்டீங்களே அண்ணி?"

"பிச்சாத்தான் தைக்க முடியும். கொண்டா."

ஒட்டிப் பிரிக்கிற மூன்று வெல்க்ரோ பட்டை வைத்த சைக்கிள் ஷூ. அடியில் ஒரு கொக்கி, அது பெடலில் பூட்டிக்கொள்ளும். வேகமாகப் போகிறவர்கள் இதை உட்கார்ந்து மாட்டுவதில்லையாம். ஷூவை முன்கூட்டியே பெடலில் பூட்டி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்து, மிதித்துக்கொண்டே காலை உள்ளே நுழைப்பார்களாம். கேட்டதும் கிறுக்குத்தனமாகத்தான் தோன்றியது. ஆனால் கிறுக்குத்தனத்திலும் ஒரு கணக்கு இருந்தால் எனக்குப் பிடித்துவிடும்.

முதல் வேலையாக மூன்று பட்டையில் இரண்டை அறுத்தெறிந்தேன். மிஞ்சிய ஒன்றைத் திசை மாற்றித் தைத்தேன்; திறந்து தொங்கும்போது சக்கரத்துப் பக்கம் போகாமல் வெளிப்பக்கம் விழ வேண்டும். உள்ளே மடங்கி மடங்கி உயிரை வாங்கிய ஷூ நாக்கை மேலே இழுத்து ஒரு தையல் போட்டேன். ஈரக் காலை உறுத்தாதபடி உள்தையல்கள் மேல் மெத்தென்ற துணி ஒட்டினேன். குதிகாலில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் காது. அந்தக் காதிலிருந்து சைக்கிள் சட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட். ஷூ தலைகீழாகத் தொங்காமல் படுத்தாற்போல் நிற்கும். முதல் மிதியிலேயே ரப்பர் அறுந்துவிடும்.

பட்டறைச் சந்தில் பழகினோம். கேட்டிலிருந்து விளக்குக் கம்பம் வரை. நான் கைப்பேசியில் நேரம் பார்ப்பேன், அவள் ஓடுவாள், ஏறுவாள், காலை நுழைப்பாள். முதல் நாள் இரண்டு தடவை விழுந்தாள். அடுத்த வாரம் முப்பது நொடிக்கு வந்துவிட்டாள். "பாத்தியா? குறை ஷூவுலதான் இருந்துச்சு, உன்கிட்ட இல்ல" என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு காலை ஏரிக்கே போய் முழுசாகப் பழகிப் பார்த்தோம். நீந்தி வந்தவள் சைக்கிளில் ஏறி, காலை ஷூவின் மேலேயே வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து ஏதோ செய்தாள். மேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். மூன்று நிமிடம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராத்தூக்கத்தைக் கெடுத்துத் தைத்தவளாயிற்றே. "சந்துல முப்பது நொடி, இங்க மூணு நிமிஷமா? மூளையத் தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கத்திக்கொண்டே போனேன்.

அவள் இன்னும் குனிந்தபடியே இருந்தாள். கிட்டே போனதும்தான் பார்த்தேன். பட்டையின் நுனியை அவள் விரலால் பிடிக்கவில்லை. மூடிய கையின் பக்கவாட்டால் தள்ளிக்கொண்டிருந்தாள். பட்டை நழுவியது. மறுபடி தள்ளினாள். மறுபடி நழுவியது.

"கையக் காட்டு" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி, குளிரு."

"காட்டுன்னேன்."

விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. கணுக்கள் வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே நின்றன. நான் நிமிர்த்தப் பார்த்தபோது பல்லைக் கடித்தாள். அப்போதுதான் ஒவ்வொன்றாக என் மண்டையில் ஏறியது. பாட்டில் மூடியை எல்லாம் கொஞ்ச நாளாக என்னிடமே நீட்டினாள், சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். துணி காயப்போட்டால் கிளிப் போடாமல் வந்தாள், அதற்கும் திட்டியிருக்கிறேன். கடையில் அவளைக் கண்ணாடிக்குத் திருகு போடுகிற மேசையிலிருந்து முன்னால் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். "பதவி உயர்வு அண்ணி" என்று இனிப்பு வாங்கி வந்தாளே!

"எத்தன நாளா?"

"ஒன்றரை வருஷம். மூட்டு வாதமாம். மருந்து சாப்பிடுறேன். நீந்தலாம், மிதிக்கலாம், நல்லதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. பிரேக் பிடிக்க வருது. கிள்ளிப் பிடிக்கிறதுதான் வரல. குளிர்ல சுத்தமா பூட்டிக்குது."

"அப்ப போன வருஷமும்..."

"ம்."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. வேலிக்கு வெளியே நின்று, "சீக்கிரம்டி சோம்பேறி!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியவள் நான்தான்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஐயோ, வேணாம். நான் தும்முனாலே ஆஸ்பத்திரிக்குப் போற வழி பாக்குற ஆளு. இது தெரிஞ்சா சோத்த ஊட்டிவிட ஆரம்பிச்சிடுவான். சைக்கிளப் பூட்டி சாவியத் தூக்கிப்போட்டுடுவான்." அவள் கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ முடிச்சிடணும் அண்ணி. அடுத்த வருஷம் கை எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு முன்னாடி ஒரு தடவ."

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் சேர்த்துக் கவலைப்படுகிற மனிதர். அவள் சொன்னது மிகையில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவை மறுபடி பிரித்தேன். இந்தத் தடவை நொடியைக் குறைப்பது எப்படி என்று யோசிக்கவில்லை. விரலே இல்லாதவள் மாட்டுவதாக இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். பட்டறையில் விரல்களை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு, மணிக்கட்டால் எதை எல்லாம் இழுக்க முடிகிறது என்று பார்த்தேன். அந்த நேரத்தில் வந்த வாடிக்கையாளர் ஒருவர், என்னம்மா ஆச்சு என்று பயந்துபோனார்.

வெல்க்ரோ முழுவதும் போனது. அதற்குப் பதில் சீட் உறையின் ஓரத்துக்குப் போடுகிற அகல இலாஸ்டிக். மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், கால் போனால் தானே கவ்வும். மேட்டில் கொஞ்சம் ஆடும், ஆடினால் ஆடட்டும். குதிகாலில் இருந்த காதைப் பிய்த்துவிட்டு, சீட் பெல்ட் நாடாவில் முழுக் கையே நுழைகிற வளையம் தைத்தேன். அது துவண்டு படுத்துவிடாமல் இருக்க, மெத்தையின் விளிம்புக்குள் வைக்கிற பிளாஸ்டிக் குழாயை உள்ளே செருகினேன். குனிந்து மணிக்கட்டை வளையத்தில் விட்டு இழுத்தால் கால் உள்ளே. முடிந்தது வேலை.

"இது ஷூவா, கைப்பையா?" என்றாள்.

"ரெண்டும்தான். போட்டிக்குப் போ, வர்ற வழியில காய்கறி வாங்கிட்டு வா."

வளையம் எதற்கு என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், வேகத்துக்கு என்று சொல்லிவைத்தேன். பழக்கமும் மாறியது. ஒரு வாளியில் தண்ணீர், அதில் ஐஸ். கை விறைக்கும் வரை முக்கி வைத்திருந்துவிட்டு ஓடுவாள். ஹெல்மெட் பூட்டு பிரச்சினையில்லை. மோவாய்க்குக் கீழே இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினால் டக்கென்று விழுந்துவிடும். பிறகு சைக்கிள், பிறகு வளையம். ஐஸ் கையோடு நாற்பது நொடிக்கு வந்துவிட்டாள். முடிந்ததும் ஹெல்மெட்டோடேயே படிக்கட்டில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு டீ குடிப்பாள். "தலையில தேங்கா விழும்னு பயமா?" என்று கிண்டல் செய்வேன். டீ முழுவதும் இறங்கிய பிறகு ஹெல்மெட்டைக் கழட்டுவாள். அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

போட்டி அன்று தண்ணீர் போன வருடத்தைவிடச் சில்லென்று இருந்தது. அவள் கரையேறும்போது நாற்பத்தேழு நிமிடம் இருபது நொடி. என் வீட்டுக்காரர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவையும் போச்சு" என்றார். நான் கத்தவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சைக்கிளிடம் வந்தாள். ஹெல்மெட்டை வைத்து, உள்ளங்கைகளால் அழுத்தினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி ஏறினாள். நாற்பத்தெட்டு நிமிடம் ஐம்பது நொடி. ரப்பர் இரண்டும் அறுந்தன. இடது கை வளையத்தில் போனது, இடது கால் உள்ளே போனது. வலது கை குறி தவறியது. சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி குனிந்தாள். கை போனது, கால் போனது. எழுந்து நின்று மேட்டில் மிதித்தாள். வெள்ளைத் தொப்பிக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டியபோது ஒன்பது நொடி பாக்கி இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குப் போயா அழுவாங்க? இன்னும் சைக்கிளே ஓட்டல" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வேலிக் கம்பியை இன்னும் விடவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துச் சைக்கிளில் திரும்பி வந்தாள். ஷூவைப் பெடலிலேயே விட்டு வெறுங்காலோடு இறங்கி, சைக்கிளைக் கம்பியில் மாட்டிவிட்டு, இலாஸ்டிக் கயிறு போட்ட ஓட்ட ஷூவுக்குள் காலை நுழைத்தாள். மோவாய்க்குக் கீழே கையைக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அங்கேயே கை இருந்தது. பிறகு கையை இறக்கிவிட்டு ஹெல்மெட்டோடேயே ஓட ஆரம்பித்தாள்.

வேலியோரம் சிரிப்பு கிளம்பியது. ஒலிபெருக்கியில் ஒருவர், "தலை பத்திரம்னு ஓடறாங்க, கைதட்டுங்க!" என்றார். "மறந்துட்டா பாரேன், எங்க வாத்து!" என்று என் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டுவதற்கு அழுத்தினால் போதும். திறக்கத்தான் இரண்டு விரலால் கிள்ள வேண்டும். டீ குடித்து, கை சூடாகி, அதற்குப் பிறகுதான் தினமும் கழட்டினாள். ஷூ, ஷூ என்று நின்றேனே, தலையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

பத்துக் கிலோமீட்டர். நடுவில் மூன்று தடவை எங்களைத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து, ஹெல்மெட்டின் கீழே வேர்வை ஊற்றிக்கொண்டு இருந்தது. சிரிக்கிறவர்களைப் பார்த்து அவளும் சிரித்தாள். கடைசியில் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது அவளுக்குப் பின்னால் நாலே பேர்தான் இருந்தார்கள்.

கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டார்கள். அவள் நேராக எங்களிடம் வந்தாள். யாருக்கும் தெரியாமல் ஹெல்மெட்டை டக்கென்று கழட்டிவிடலாம் என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அவள் அண்ணன் முன்னால் நின்று, மோவாயைத் தூக்கினாள்.

"அண்ணா, கழட்டி விடு. மறக்கல. என் விரல் வரல."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பூட்டைக் கழட்டினார். ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், எனக்குத் தெரியும் என்று புரிந்துகொண்டார். இப்போது புலம்பல் ஆரம்பிக்கும், சைக்கிள் சாவி பறக்கும் என்று நான் காத்திருந்தேன். அவர் அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் தேய்த்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஷூவுக்கு வளையம் தச்சியே, அடுத்த வருஷத்துக்குள்ள இந்தப் பூட்டுக்கும் ஏதாவது செய்ய முடியுமா?"