சாம்பலுக்கு எந்த மை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடையில் கிடைத்தது. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், கையிலிருந்த போட்டோவைக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டி, "கடலு இன்னாத்துக்குண்ணே இவ்ளோ அழகா கீது?" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அழகாக இருக்கிறதே என்று ஒருத்தி சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஜெராக்ஸை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தேன்.

கேட்டது அந்த ஒரு வரிதான். மிச்சத்தை நான் கட்டினேன். நம்பிக் கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம், கண்ணுகளா.

2

எப்படி ஆரம்பிப்பது?

'எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் சூரியன் மெல்ல—'

வேண்டாம். அங்கே சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் யாரும் சூரியனை மெல்லப் பார்ப்பதில்லை.

'மங்கை ஏமாந்துபோனாள். மட்டமான மையை அவள் தலையில் கட்டிய அந்தப் பாவி—'

இதுவும் வேண்டாம். கடைக்கார ஞானதுரை அண்ணாச்சியை வில்லனாக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை.

"கம்பேட்டிபிள்னு சொல்லித்தானம்மா தந்தேன்? ஒரிஜினல்னு ஒரு வார்த்தை வந்துதா என் வாயில? உங்க பிரிண்டருக்குச் சேரும், நெறம் முன்னபின்ன இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா. 'பர்த்டே போட்டோவுக்கு இது போதும்ணே'ன்னுட்டு நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க."

இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் செய்வது? அவர் கடைக்காரராகவே இருக்கட்டும்.

3

கடையில் சண்டை பிடித்த அந்த மங்கையின் வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று தெருவில் நடக்கும் நல்லதெல்லாம் அதன் வழியாகத்தான் காகிதத்தில் இறங்கும். கம்பேட்டிபிள் என்கிற அந்த மலிவு மாற்று மையைப் போட்ட நாளிலிருந்து எல்லாம் லேசாக நீலம் தட்டியது. கேக் வெட்டும் பிள்ளைகள் காய்ச்சல்காரர்களைப் போல வந்தார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றி, நீலத்தை இறக்கி, ஒரு திருத்தம் செய்து அதற்கு 'மூஞ்சி' என்று பேர் வைத்துச் சேமித்துக்கொண்டாள். முகமுள்ள படத்துக்கு மூஞ்சியைப் போடுவாள். முகமில்லாத படத்துக்கு எதற்கு? வானமும் கடலும் நீலமாக வந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

குறை சொல்ல அவள் சித்தி பூவம்மா வந்தாள்.

பூவம்மா கழிமுகத்துத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். போன மழைக்குப் பிறகு, நிலக்கரி எரிக்கிற பக்கத்து ஆலையின் சாம்பல் குழாய் உடைந்தது. அன்றிலிருந்து அவள் கையில் சிக்குவது இறால் இல்லை, பசை. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து குறை கேட்கிறார்கள். ஊர்ப் பொதுவில் ஒரு மனு எழுதியாகிவிட்டது. சேற்றைப் படம் எடுத்து, அச்சிட்டு, மனுவோடு வைக்க வேண்டும்.

(போனில் காட்டினால் போதாதா என்கிறீர்கள். குறைகேட்பு நோட்டீசில் 'அச்சிட்ட படம்' என்று போட்டிருக்கிறது, நான் என்ன செய்ய? ஸ்டுடியோவுக்குப் போகலாமே என்கிறீர்கள். போனாள். ஸ்டுடியோக்காரரின் மச்சானுக்கு அந்த ஆலையில் கான்ட்ராக்ட். சேற்றைப் பார்த்ததும் மிஷின் ரிப்பேராகிவிட்டது.)

மங்கை அச்சடித்தாள். முகமில்லாத படம், எனவே மூஞ்சி போடவில்லை. சாம்பல் முழுவதும் நீலமாக வந்தது. சாதாரண நீலம் இல்லை; காலண்டர் நீலம்.

பூவம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாமே இது, நம்ம ஊரா? இத்தக் காட்டினா ஆபீசரு குடும்பத்தோட குளிக்க வந்துடுவாரு."

4

அந்தச் சண்டைக்கு இப்போது வந்துவிட்டோம். அண்ணாச்சி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாம்பல் நெறந்தான்மா இருக்கறதுலயே கஷ்டம். மூணு மையும் ஒத்துப்போய் விழணும். ஒண்ணு ஏச்சாலும் போச்சு. இதுக்கு ஒரிஜினல் போடுங்க."

விலையைச் சொன்னார். நான் எழுதமாட்டேன்.

"பிரிண்டரே இந்த வெலை இல்லியேண்ணே!"

"பிரிண்டர் வாங்குறது பொண்ணு கட்டிக் கொடுக்கிற மாதிரிம்மா, ஒரு தடவையோட முடிஞ்சிரும். மை வாங்குறது சீர் செய்யிற மாதிரி. அது ஓயவே ஓயாது."

மங்கை வாங்கினாள். (இங்கே அவள் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, அதனால் எடுத்துவிட்டேன்.)

வீட்டுக்கு வந்து புதிய கார்ட்ரிட்ஜை மாட்டினாள். இந்த முறை ஏமாறக்கூடாது என்று, பட்ட பாட்டை நினைத்து, மறக்காமல் மூஞ்சியைப் போட்டாள். நல்ல மைக்கு எதற்கு மருந்து என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. சேறு செக்கச்செவேலென்று வந்தது.

"இப்ப வயலாட்டம் கீது. நாத்து நட்டுடலாம்" என்றாள் பூவம்மா.

மங்கை தலையில் அடித்துக்கொண்டு மூஞ்சியை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். இப்போது சரியாக வந்தது. தண்ணீர் சாம்பல், கரை சாம்பல், புகை படிந்த வானமும் சாம்பல். அப்படியே கழிமுகம். நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும். முடித்துவிட்டுப் பேனாவையும் மூடினேன்.

பூவம்மா என்னை முடிக்க விடவில்லை.

"கலர் மை தீந்துபோச்சா?"

"கலர்தான் சித்தி. அங்க கீறதே இந்தக் கலருதான்."

"அது எனுக்குத் தெரியும், உனுக்குத் தெரியும். பாக்கறவனுக்கு? ஜெராக்ஸுன்னு தூக்கிக் கடாசுவான்."

அவள் சொன்னது சரி. மட்டமான மையில் பொய் அழகாக வந்தது. காசைக் கொட்டி வாங்கிய மையில் நிஜம் நகல் மாதிரி வந்து நிற்கிறது.

5

"நடுவுல ஏதாச்சும் கலரு வோணும்" என்றாள் மங்கை. "மஞ்சப் பொடவ கட்டிகினு நீயே எறங்கி நில்லு சித்தி. எவ்ளோ ஆழம்னும் தெரியும்."

பூவம்மா படத்தைக் கவிழ்த்துக் கீழே வைத்தாள். பேசுகிற பெண் ஏன் ஊமையானாள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. பாத்திரம் சரியாக அமையவில்லையோ என்று சந்தேகப்பட்டு, அவளை மாற்றி வேறொருத்தியைக் கொண்டுவரலாமா என்றுகூட—

அவள் மகன் திருமலை அந்த ஆலைக்குள்தான் கூலி வேலை செய்கிறான். கான்ட்ராக்ட் ஆள். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல ஒரு சூபர்வைசரின் வாய் போதும்.

"முதுவக் காட்டி நில்லேன்."

"எம் முதுவு தெரியாதவன் எவன் கீறான் அங்க? ஆலை கேட்டாண்ட குந்திகினுதானே இத்தினி வருசமா இறா விக்கறேன்."

"அப்ப நான் நிக்கறேன்."

"நீயா? செருப்ப கழட்டவே யோசிப்ப. டூருக்கு வந்தவ சேத்துல மாட்டிகினான்னு சிரிப்பான்."

(சிவப்பு வாளியை நடுவில் வைத்தும் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். வாளி விளம்பரமாகிவிட்டது.)

கடைசியில் மங்கைதான் வழி சொன்னாள். சித்தி நிற்கட்டும், கழுத்துக்கு மேல் வெட்டிவிடலாம். அப்படியே எடுத்தார்கள், வெட்டினார்கள், அடித்தார்கள். சாம்பலுக்கு நடுவே மஞ்சள் புடவை சுரீரென்று நின்றது. முழங்காலுக்கு மேல் சேறு. இனி யாரும் ஜெராக்ஸ் என்று சொல்ல முடியாது.

பூவம்மா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா, நின்னமேனிக்கே செத்துப்போன மாதிரி கீதே."

"திருமலைக்காகத்தானே சித்தி வெட்னேன்."

"நான் இன்னா இல்லேன்னா சொன்னேன்? முழுசா ஒண்ணு அட்ச்சுக் குடு. காட்றேனோ இல்லியோ, கையில இருக்கட்டும்."

முழுசாக ஒன்று அடித்தாள். திருத்தம் எதுவும் போடவில்லை. வெயிலில் கறுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் கோபமாக, பூவம்மா பூவம்மாவாகவே வந்தாள்.

6

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் முழுப் படத்தைக் காட்டுகிறாள், குழாயை அடைக்கிறார்கள், திருமலைக்கு வேலை நிரந்தரமாகிறது. படித்துப் பார்த்து நானே வெட்கப்பட்டேன்.

இன்னொன்றில் வெட்டிய படத்தைக் காட்டுகிறாள். "இது யார் கால்? எந்த ஊர்ச் சேறு?" என்று கேட்டுவிட்டு அடுத்த மனுவைக் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாவதில் முழுப் படத்தைக் காட்டுகிறாள். திங்கட்கிழமை திருமலை கேட் வரைக்கும் போய்—

இதை எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை.

பிறகுதான் ஒன்று உறைத்தது. மூன்றிலும் பூவம்மா என்ன செய்கிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அதிகாரியை நான் எழுதவே இல்லை. அவருக்குப் பேர் இல்லை, முகம் இல்லை, குரல் மட்டும் கொடுத்திருக்கிறேன். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், நீங்களே உட்காருங்கள் கண்ணு. மேலே ஃபேன் ஓடுகிறது, டீ வந்திருக்கிறது, மனுக்கள் குவிந்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை. பூவம்மா மஞ்சள் புடவையிலேயே வந்திருக்கிறாள். "இன்னா சார், பாக்கறீங்களா?" என்று கேட்டபடி உறைக்குள் கையை விடுகிறாள். விரல் இரண்டு படத்தையும் தடவுகிறது. கொஞ்சம் யோசிக்கிறாள். முழுப் படத்தை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறாள்.

பார்த்துவிட்டீர்கள். உங்களுக்கு வலப் பக்கத்து நாற்காலியில் ஆலைத் தரப்பில் வந்தவர் இருக்கிறார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் காட்டுங்க சார், யாருன்னு பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார்.

படம் உங்களிடம்தான் இருக்கிறது.